அலங்கிலிருந்து ஏர்வாடிக்கு: இருபத்தெட்டு மெத்தையும் இரண்டு எண்களும்

ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்கள் தங்குவதற்காகக் காக்கா, அதாவது என் அண்ணன், கட்டிய லாட்ஜில் பதினான்கு அறைகள். கட்டடம் முடிந்தபோது கையிருப்பும் முடிந்திருந்தது. "நீதான் பதினோரு வருஷம் கப்பலில் படுக்கை விரித்தாயே, குஜராத்தில் அலங் கரையில் உடைக்கிற கப்பல் சாமான் பாதி விலைக்குக் கிடைக்கிறதாம், போய் வாங்கி வா" என்றார். உம்மாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. சாமான் வந்து இறங்கி இருபது நாளாகிறது; எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் இதே எண்ணத்தோடு யாராவது இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ராமேஸ்வரம் – ஓகா ரயிலில் அகமதாபாத், அங்கிருந்து பஸ்ஸில் பாவ்நகர், மறுநாள் அலங். இதில் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாளை நானே வீணாக்கினேன். நான் வேலை பார்த்த கப்பல்களில் ஒன்று அந்தக் கரையில்தான் உயிரை விட்டது. இடத்தையாவது பார்த்துவிடலாம் என்று கடற்கரைப் பக்கம் போனேன். காவலர் உள்ளே விடவில்லை. குஜராத் கடல்சார் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வெளியாள் யார்டுக்குள் கால் வைக்க முடியாது, படமும் எடுக்கக் கூடாது. கப்பலில் வேலை பார்த்த பழைய அடையாள அட்டையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்தபடி கையில் கொடுத்தார். ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

தூரத்திலிருந்து பார்த்ததே போதுமாகிவிட்டது. மூக்குப் பக்கம் முழுதும் வெட்டியெடுத்த ஒரு கப்பல் சேற்றில் நின்றது. அறுத்த வீட்டைப் போல மாடி மாடியாக உள்ளறைகள் தெரிந்தன. கம்பாத் வளைகுடாவில் பெருக்கு பத்து மீட்டர் வரை ஏறும். அந்த நேரம் பார்த்து, கப்பலை அதன் சொந்த வேகத்திலேயே கரையில் ஏற்றிவிடுகிறார்கள். வற்றத்தில் தண்ணீர் விலகியதும் வெட்டத் தொடங்குகிறார்கள். 1983 முதல் இதுதான் அங்கே தொழில். நம் பக்கம் வற்றத்துக்கும் பெருக்குக்கும் இடையில் இடுப்பளவு வித்தியாசம்கூடக் கிடையாது, வத்தை என்கிற சிறு படகைக் கரையேற்றவே நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும்.

இனி கடைகள். அலங்கிலிருந்து த்ராபஜ் போகிற சாலையின் இரு பக்கமும் கிடங்குகள். ஒன்றில் கட்டில் மட்டும், ஒன்றில் பீங்கான் மட்டும், ஒன்றில் உயிர்காப்பு அங்கிகள் மலையாக. பழைய கப்பல் சாமான் வியாபாரத்தில் பேர்போன காயல்பட்டினத்துக்காரர்களால்தான் 'காயலான் கடை' என்ற பெயரே வந்தது என்பார்கள். அந்தப் பெயர் பொருந்த வேண்டிய ஊர் இதுதான்.

எந்தக் கடையில் எதைத் தொட்டாலும் 'கர்ணிகா' என்கிறார்கள். மும்பையிலிருந்து 2019-இல் ஓடத் தொடங்கி, 2020 நவம்பரிலேயே அலங்குக்கு வந்து சேர்ந்த கப்பல் அது. நம் நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பெயர் என்பதால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதன் சாமான் தீரவே மாட்டேன் என்கிறது! நான் அறைக் கதவுகள் சாய்த்து வைத்திருந்த இடத்துக்குப் போய் ஒன்றைத் திருப்பினேன். ஆபத்து நேரத்தில் எந்தத் தளத்தில் கூட வேண்டும் என்ற அறிவிப்பு கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். தினமும் அதைத் துடைத்தவன் நான். அதில் வேறு கப்பலின் பெயர் இருந்தது. கடைக்காரர் அசரவில்லை. "எல்லாம் கப்பல்தானே" என்றார். விலையை மட்டும் கொஞ்சம் குறைத்தார்.

மேசை, அலமாரி வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கப்பல் அறையில் எல்லாம் சுவரோடு முடுக்கியிருக்கும், அதனால் பலவற்றுக்கு முதுகுப் பலகையே கிடையாது. சிலவற்றுக்குப் பின்னங்கால்களும் இல்லை. கழற்ற நேரமில்லாமல் ரம்பத்தால் அறுத்து எடுத்தவையும் உண்டு. நாற்காலியும் கண்ணாடியும் பயப்படாமல் வாங்கலாம்.

சுவர்ப் பலகைகளின் பக்கமே போகாதீர்கள். காக்கா போனில், "அறைகளைத் தடுக்க ஆகுமே, கிலோ கணக்கில் தருகிறார்களாமே" என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மறுத்தேன். பழைய கப்பல்களில் தீத்தடுப்புக்காக ஆஸ்பெஸ்டாஸ் வைத்திருப்பார்கள். வெட்டினால் அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'ஃபிரான்ஸ்' என்று பிறந்து 'ப்ளூ லேடி' என்ற பெயரில் 2006-இல் அலங்குக்கு வந்த கப்பலை உடைக்கலாமா கூடாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதற்கு இதுதான் பெரிய காரணம். 2007-இல்தான் அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் கப்பல் உடைப்புக்கான ஹாங்காங் சர்வதேச ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், கப்பலில் உள்ள நச்சுப் பொருள்களின் பட்டியலும் கூடவே வர வேண்டும். நான் போன கிடங்கில் அப்படியொரு பட்டியலைக் கேட்டபோது தேநீர்தான் வந்தது.

இருபத்தெட்டு ஒற்றை மெத்தைகள், நாற்காலிகள், கண்ணாடிகள், பாத்திரம், பரோட்டா மாவு பிசைய ஒரு பெரிய இயந்திரம். எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய், வரி தனி. கடைக்காரர் பாதித் தொகைக்கு மட்டும் பில் தருவதாகச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி முழுத் தொகைக்கும் பில் வாங்கினேன். அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

லாரி புக்கிங்கில் ஏழு நாள் என்றார்கள். மூன்றாம் நாள்தான் வண்டியே கிளம்பியது. சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, வேண்டும். அது செல்லுபடியாவது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. நமக்கு இரண்டாயிரத்துக்கு மேல் என்பதால் பதினோரு நாள் கிடைத்தது. வழியில் ஒரு கிடங்கில் சரக்கை வேறு லாரிக்கு மாற்றுவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. மாற்றும்போது இ-வே பில்லின் 'பி' பகுதியில் புது வண்டியின் எண்ணைப் பதிய வேண்டும். பதிந்தார்கள். 'டிஎன் 65' என்பதை 'டிஎன் 56' என்று பதிந்தார்கள்.

ஊருக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஜிஎஸ்டி சோதனையில் வண்டி நின்றது. டிரைவர் போன் செய்தபோது இரவு பதினொன்று. நானும் காக்காவும் பைக்கில் போய்ச் சேர்ந்தோம். அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார்: வண்டி எண் பொருந்தவில்லை, வரி 61,200, அபராதம் அதில் 200 சதவீதம், ஆக 1,22,400 ரூபாய் கட்டினால் வண்டியை எடுக்கலாம். காக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பணத்துக்கு மதுரையிலேயே புது மெத்தைகள் வாங்கியிருக்கலாம் என்று அதற்குப் பொருள்.

காலை ஆறு மணிக்கு ஆடிட்டரை எழுப்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை எழுத்து தப்பு?" இரண்டு என்றேன். "அப்படியென்றால் பயப்படாதீர்கள்" என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார். 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64/38/2018 என்ற ஜிஎஸ்டி சுற்றறிக்கை. வண்டி எண்ணில் ஓரிரு எண்ணோ எழுத்தோ பிழையாக இருந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால், மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கு 1,000 ரூபாய் அபராதம் மட்டும். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி இரண்டு முறை படித்தார், மேலதிகாரியிடம் பேசினார், பில் தொகையையும் சரக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதி பில் வாங்கியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். மத்தியானம் ஆயிரம் ரூபாய் ரசீதோடு வண்டி வெளியே வந்தது. காக்கா அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

மெத்தைகள் அருமை. அகலம்தான் குறைவு, வாங்கி வைத்திருந்த விரிப்புகளெல்லாம் தொங்குகின்றன, தையல்காரர் ஒருவர் இப்போது அவற்றை ஓரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மாவு இயந்திரத்தில் நான் தோற்றேன். அது 440 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று தகட்டிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊர் மும்முனை மின்சாரம் 415 வோல்ட், 50 சைக்கிள். பயணிகளின் முடி உலர்த்திகளுக்காக இந்த வோல்ட் விவகாரத்தை ஆயிரம் முறை விளக்கிய வாய் இது, வாங்கும்போது தகட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது நாளே மோட்டார் சூடேறிப் புகைந்தது. காக்கா வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். நேற்று நம்மூர் காயலான் கடைக்காரர் வந்து பார்த்தார். இரும்பு விலைக்குக் கேட்கிறார், அதிலும் மோட்டாரைக் கழித்துவிட்டு.