மூவாயிரம் கிலோமீட்டர் கஞ்சத்தனம்

சூரியசக்தி கார்ப் பந்தயம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். கேட்கவேண்டிய கேள்வி அதுவல்ல. நான் சொல்வது ஆஸ்திரேலியாவில் நடக்கிற வேர்ல்ட் சோலார் சேலஞ்ச் பந்தயத்தை: டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர், பெரும்பாலும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்கிற ஒரே சாலை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வந்து இறங்குகிறார்கள். அதில் கையிலிருக்கும் மின்சாரத்தைச் சொட்டுக்கூட வீணாக்காமல் செலவழித்தவர்களுக்குத்தான் கோப்பை. மகா கஞ்சன் ஜெயிக்கிற பந்தயம் என்று நான் சொல்வேன்.

எனக்குப் பிழைப்பு சிங்கப்பூரில், வீவக என்கிற அரசு அடுக்குமாடி புளோக்குகளின் மொட்டைமாடியில். சூரியசக்தித் தகடு பொருத்துவது, பழுதானதைக் கழற்றுவது, அழுக்குப் பார்ப்பது. ஒரு தகட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், பரப்பளவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். 2017 முதல் 2023 வரை அந்தப் பந்தயத்தின் முதன்மைப் பிரிவில் சிலிக்கான் தகட்டுக்கு அனுமதித்த அளவு 4 சதுர மீட்டர்தான், அதாவது நாங்கள் தூக்கி வைப்பதில் இரண்டு. சுள்ளென்ற வெயிலிலும் அது 1 கிலோவாட்டைத் தொட்டால் பெரிய விஷயம், என் வீட்டுத் தண்ணீர் கெட்டில் அதற்கு இரண்டு மடங்கு இழுக்கும். அந்த மின்சாரத்தில் ஓர் ஆளை உட்காரவைத்து, 2023இல் ஜெயித்த பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகக் குழு சராசரியாக மணிக்கு 88 கிலோமீட்டரில் அடிலெய்டு போய்ச் சேர்ந்தது. தீவு விரைவுச்சாலையில் நாம் போகிற வேகம்!

இது எப்படி முடிகிறது என்றால் முதல் காரணம் காற்று. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும், வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. அதனால்தான் இந்தக் கார்கள் கார் மாதிரியே இருப்பதில்லை, மேலே தகடு, கீழே மெலிந்த உடம்பு, ஒல்லியான டயர், ஓட்டுநரைச் சேர்க்காமல் 200 கிலோவுக்கும் குறைவான எடை. இதே மும்மடிக் கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஒரு மணி நேரம் 80இலும் அடுத்த மணி நேரம் 100இலும் போனால் கடக்கிற தூரம், இரண்டு மணி நேரமும் 90இல் போனால் கடக்கிற அதே தூரம்தான், ஆனால் காற்றுக்குக் கொடுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதல். 4 சதவீதம் என்ன பெரிசு என்று தோன்றும். 3,000 கிலோமீட்டருக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், அப்புறம் 2019இல் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடைவெளி சுமார் 12 நிமிடம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே காரை ஓட்டுகிறவருக்கு "87" என்று சொன்னால் 87இல் போவதுதான் வேலை. உண்மையான ஆட்டக்காரர் பின்னால் வருகிற வேனில், மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவர். பேட்டரியில் எவ்வளவு மிச்சம், முன்னால் மேகமா வெயிலா, எதிர்க்காற்றா பக்கக்காற்றா, சாலை ஏறுகிறதா இறங்குகிறதா, மாலை ஐந்து மணிக்கு நிற்கும்போது கையில் எவ்வளவு இருக்கவேண்டும் என்று நாள் முழுக்கக் கணக்கு. மேகம் வந்தால் நம் உள்ளுணர்வு மெதுவாகப் போகச் சொல்லும், ஆனால் பல நேரம் சரியான முடிவு பேட்டரியிலிருந்து கொஞ்சம் எடுத்து நிழலைச் சீக்கிரம் தாண்டிவிடுவதுதான். எங்கே செலவழிக்கலாம் என்று தெரிந்த கஞ்சன்தான் நல்ல கஞ்சன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பலாம், மாலை ஐந்துக்கு எங்கே இருக்கிறாயோ அங்கேயே சாலையோரம் கூடாரம் போட்டுப் படுக்கவேண்டும். நம் மரினா பேயில் விளக்குப் போட்டு ராத்திரியில் விரட்டுகிற ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு நேர் எதிர். கேத்தரின், டென்னன்ட் கிரீக், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பெடி என்று வழியில் கட்டாய நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அங்கேதான். கார் வந்து நின்றதும் பையன்களும் பெண்களும் ஓடி வந்து தகடு பதித்த மேல்மூடியைத் தனியே கழற்றித் தூக்குகிறார்கள், விளிம்பைப் பிடித்துச் சூரியனுக்கு நேராகச் சாய்க்கிறார்கள், சூரியன் நகர நகர அவர்களும் அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள். ஒருவர் கையில் தண்ணீர்த் தெளிப்பான். தகட்டின் மேல் பனி மாதிரி அடித்துக்கொண்டே இருப்பார். அலங்காரத்துக்கு இல்லை. சிலிக்கான் சூடேறினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். பெட்டியில் அச்சடித்திருக்கிற வாட் கணக்கு 25 டிகிரிக்கு. எங்கள் மொட்டைமாடியில் மத்தியானம் தகடு 60 டிகிரியைத் தொடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடும், எந்த நகர மன்றமும் எங்களைத் தண்ணீர் தெளிக்க அனுப்புவதில்லை. சாய்ப்பும் அப்படித்தான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் நாங்கள் பத்து டிகிரி சாய்ப்பதே மழை அழுக்கை அடித்துக்கொண்டு போகட்டும் என்றுதான். அங்கே சாய்ப்பில் கோட்டைவிட்டால் அடுத்த நாள் வேகத்தில் தெரியும்.

என்னோடு வேலை செய்கிற மன்னார்குடித் தம்பிக்கு இந்த வீடியோக்களைக் காட்டுவேன். அவன் கேட்ட முதல் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது.

"அண்ணே, உள்ளே ஏசி இருக்கா?"

"ஏசி போட்டா கார் நகராதுடா."

"அப்ப நம்ம வேலையே தேவலாம்ணே."

நியாயம்தான். பாலைவன வெயிலில் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் ஓட்டவேண்டும். ஒல்லியான ஆளைப் போட்டு எடையை மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை, ஓட்டுநர் 80 கிலோவுக்குக் குறைந்தால் மீதி எடையைக் கட்டித்தான் ஏற்றுவார்கள். எதிரே வருவதோ ரோடு டிரெய்ன், மூன்று நான்கு டிரெய்லர் கோத்த, 50 மீட்டருக்கும் நீளமான லாரி. அது கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். 200 கிலோ காருக்கு அது விளையாட்டில்லை.

காற்று என்ன செய்யும் என்பதற்கு 2019ஐப் பார்த்தால் போதும். நெதர்லாந்தின் டுவென்ட்டே குழு முன்னணியில் போய்க்கொண்டிருந்தது, ஒரு பக்கக்காற்று வந்து காரைச் சாலைக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டது. அவர்கள் கதை முடிந்தது. அடுத்து அதே நாட்டு டெல்ஃப்ட் குழு முன்னே வந்தது, 2013, 2015, 2017 என்று வரிசையாக ஜெயித்தவர்கள். கடைசி நாள், அடிலெய்டுக்குச் சில மணி நேரமே பாக்கி, கார் தீப்பிடித்து எரிந்துபோனது. ஓட்டுநர் பத்திரமாக இறங்கிவிட்டார், கார்தான் மிஞ்சவில்லை. அந்தப் பந்தயத்தில் கோப்பை போன இடம் லூவன், 12 நிமிடம் பின்னால் ஜப்பானின் டோக்காய் பல்கலைக்கழகம். அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னால் போகிறவர்களை எட்டிப் பிடிக்கிறேன் என்று கணக்கை உடைக்காமல் 2,700 கிலோமீட்டர் வருவதற்கு ஒரு மனக்கட்டுப்பாடு வேண்டும்.

இதைத் தொடங்கிவைத்தவர் ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், டென்மார்க்கில் பிறந்த சாகசக்காரர். 1982 கடைசியில் பெர்த்திலிருந்து கிளம்பி லேரி பெர்கின்ஸோடு மாறி மாறி ஒரு சூரியசக்தி காரை சிட்னி வரை ஓட்டிக் காட்டினார், அப்புறம் 1987இல் முதல் பந்தயம். அதில் ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரி 67 கிலோமீட்டரில் ஜெயித்தது. 2005இல் டெல்ஃப்ட் அதை ஏறக்குறைய 103க்குக் கொண்டுபோய்விட்டார்கள். நெடுஞ்சாலைக்கு வேக வரம்பு இருக்கிறதே, விடுவார்களா? அடுத்த முறையே தகட்டுப் பரப்பு 6 சதுர மீட்டராகக் குறைந்தது, படுத்துக்கொண்டு ஓட்டக்கூடாது என்றார்கள், 2013இல் நான்கு சக்கரம் கட்டாயம், பிறகு 4 சதுர மீட்டர். மாணவர்கள் ஜெயிக்க ஜெயிக்க விதி அவர்கள் வயிற்றைக் கட்டிக்கொண்டே வந்தது, அவர்களும் அதற்குள் ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். 2023இல் லூவன் குழு காரின் மேல் மீனின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒன்றை நட்டுப் பக்கக்காற்றைப் பாய்மரம் மாதிரி பிடித்தது. கள்ளாட்டமாகத் தோன்றலாம், எனக்கு அது சுத்தமான புத்திசாலித்தனம். 2025இல் பந்தயத்தையே ஆகஸ்டுக்கு, அதாவது அங்கே குளிர்காலத்துக்கு, நகர்த்தினார்கள். வெயில் தாழ்ந்து விழும் என்பதால் தகடு மறுபடி 6 சதுர மீட்டர், ஆனால் பேட்டரியைச் சிறிதாக்கிவிட்டார்கள். ஜெயித்தது டெல்ஃப்ட்.

நம் ஊரும் இதில் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சன்ஸ்பெக் என்று பெயரிட்ட கார்களை ஒருமுறைக்கு மேல் அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களோடு மோதுகிற தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் என்பதற்காகவே தனிப் பாராட்டு. அவர்களுக்கு இன்னொரு சங்கடம், இங்கே ஓட்டிப் பழக இடம் எங்கே? தீவு விரைவுச்சாலை முழு நீளமும் 43 கிலோமீட்டர்தான், 3,000 வேண்டுமென்றால் எழுபது தடவை போகவேண்டும். நம் வெயிலும் நம்பகமானதல்ல. காலையில் பளீரென்று இருக்கும், பதினொன்றுக்கு மேகம் திரளும், நான் வேலை செய்கிற கட்டடத்தின் உற்பத்திக் கோடு திரையில் கைநடுங்கிப் போட்ட கோலம் மாதிரி எகிறி விழும். தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட்டுக்கு மிதக்கிற தகடு போட்டிருக்கிறோம், ஆனால் ஒரு காரை நம்பி இந்த மேகத்துக்கு அடியில் விடுவதற்கு எனக்குத் தைரியம் வராது.

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பந்தய நாட்களில் கார்கள் எங்கே போகின்றன என்று இணையத்தில் நேரடி வரைபடம் ஓடும். டார்வின் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், ஆகவே காலை ஆறரைக்கு எம்ஆர்டி ரயில் ஏறும்போது அவர்கள் கிளம்புவார்கள், மத்தியானம் மூன்றரைக்கு நின்றுவிடுவார்கள். முதல் மூன்று கார்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கடைசியில் வருகிற புள்ளிகளையும் பாருங்கள். நேரத்துக்குள் அடுத்த நிறுத்தம் போகமுடியாதவர்கள் காரை டிரெய்லரில் ஏற்றவேண்டியிருக்கும், ஏற்றினால் முதன்மைப் போட்டியிலிருந்து வெளியே. ஏற்றலாமா, இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் பார்க்கலாமா என்று அந்தக் குழுக்களுக்குள் நடக்கிற வாக்குவாதம் முதலிடத்துச் சண்டையைவிடச் சுவாரஸ்யமாக இருக்கும் என்பது என் ஊகம்.

இதெல்லாம் நாளைக்கு நாம் வாங்குகிற காராக வருமா என்று கேட்பார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்கள் குடும்பக் கார் வடிவத்தில் ஸ்டெல்லா என்று கட்டி, 2013இலிருந்து 2019 வரை இதே பந்தயத்தில் அந்த மாதிரிக் கார்களுக்கான பிரிவில் நான்கு முறை ஜெயித்தார்கள். அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் லைட்இயர் என்ற கம்பெனி தொடங்கி உண்மையிலேயே ஒரு சூரியசக்தி காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விலை தாங்கவில்லை, 2023 தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றது. சரி, நாளைக்கு மலிவாகவே வந்தாலும், சிஓஇ என்கிற கார் உரிமைச் சான்றிதழுக்குக் காசு கட்டி அதை இங்கே வாங்கியும் விட்டாலும், நிறுத்துவது என்னவோ பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. மேல்தளத்தில் இடம் பிடிக்கலாம் என்றால் அங்கேயும் இப்போது நாங்கள் கூரை போட்டுத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டோம்.