அனுமன்தீர்த்தத்தில் முழுக்கு, அப்புறம்தான் தீர்த்தமலை

தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து, மலைமேல் சிவன் கோயில் இருக்கிற தீர்த்தமலை 16 கிலோமீட்டர். பலரும் நேராக அடிவாரத்தில் இறங்கிப் படியேறிவிடுகிறார்கள். தலத்து முறை அதுவல்ல. ஊத்தங்கரை சாலையில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிற அனுமன்தீர்த்தத்தில் முதல் முழுக்கு. பிறகு மலைமேல் ராமர் தீர்த்தம். ராமர் பூஜைக்குக் கங்கை நீர் கொண்டுவர அனுமன் தாமதிக்க, ராமர் அம்பெய்து பாறையிலிருந்தே நீர் வரவழைத்தாராம். கோபத்தில் அனுமன் வீசிய நீர் விழுந்த இடம்தான் ஆற்றங்கரைத் துறை.

எச்சரிக்கை வேண்டியது மலையில் அல்ல, ஆற்றில். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைத் தாண்டித்தான் இங்கே வருகிறது. உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், மேலே மதகைத் திறந்தால் இங்கே மட்டம் ஏறும். மழைக்காலத்தில் அணை நிலவரத்தைக் கேட்காமல் இறங்கவே கூடாது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். மணல் எடுத்த பள்ளம் இருந்தால் மேலே தெரியாது. முழங்கால் ஆழம் என்று நம்பி எடுத்து வைக்கிற அடுத்த அடி ஆளையே முக்கிவிடும். துறையோரம் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் முழுக்குதான். கோடையில் நீர் ஓடாமல் தேங்கிக் கிடந்தால் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ஆடிப்பெருக்கன்று கூட்டம் நெரியும்; விடியற்காலையிலேயே குளித்து முடிப்பது நல்லது.

ஆற்றிலிருந்து மலை வரை நடப்பவர்களுக்குச் சாலையில் நிழல் குறைவு. செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் வெயில் உறைப்பதற்குள் மேலே போய்விட வேண்டும். பாறை சூடேறிவிட்டால் இறங்கும்போதுதான் பாதம் பொத்துப்போகும். ஏற்றம் செங்குத்து, மூச்சு வாங்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். பூஜைச் சாமானைக் கையில் தொங்கும் கேரி பையில் கொண்டுபோனால் குரங்குக்குத்தான் நைவேத்தியம். மூடிய துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ராமர் தீர்த்தம் பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. மலைமேல் பெய்த மழை வெடிப்புகளில் இறங்கி மெதுவாகக் கசிவதால் கோடையிலும் வற்றுவதில்லை, மெலிந்து விழும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். தீர்த்தத்துக்கும் ஆகாது, பாறையும் வழுக்கும். அகஸ்தியர், குமார, கௌரி, அக்னி தீர்த்தங்களும் உண்டு. ஈரத்துணியை மாற்றிக்கொண்டு தீர்த்தகிரீஸ்வரரையும் வடிவாம்பிகையையும் தரிசிக்கலாம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். சோழர் கல்வெட்டுகளும் இருக்கின்றன. பெரிய விழா மாசியில்.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். ஈரக்காலோடு படியில் கால் வைக்காதீர்கள். தேய்ந்த கல் ஏறும்போது தாங்கும், இறங்கும்போது வாரிவிடும்.