இடது பக்கம் பச்சை விளக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் ஓர் ஒட்டுக்கடை. சாயங்காலமானால் அங்கே டிவியில் படம் ஓடும், படத்தில் விமானம் வந்துவிட்டால் எல்லாரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். சுபாங் விமான நிலையத்தில் 27 வருஷம் விமானப் பராமரிப்பில் இருந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

போன வாரமும் அப்படித்தான். கதாநாயகன் சென்னையில் ஏறும்போது நாலு இன்ஜின், மேகத்துக்கு மேலே இரண்டு, இறங்கும்போது வாலில் வேறு கம்பெனியின் நிறம். சரி, போகட்டும், கிடைத்த காட்சியை வாங்கி ஒட்டியிருப்பார்கள். ஆனால் இடது இறக்கை நுனியில் பச்சை விளக்கு எரிந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எந்த நாட்டு விமானமானாலும் இடது சிவப்பு, வலது பச்சை. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ராத்திரி ஷிப்டில் ஏணி போட்டு அந்த பல்பை மாற்றியவன் கண்ணுக்குத்தான் இதெல்லாம் உறுத்தும்.

அப்புறம் வில்லன் 35,000 அடியில் கதவைத் திறந்தான். நான் எழுந்தே விட்டேன். அந்த உயரத்தில் உள்ளே இருக்கிற காற்று, வெளிக்காற்றைவிட ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 8 பவுண்டு அதிகமாகக் கதவை அழுத்திக்கொண்டிருக்கும், முழுக் கதவுக்கும் கணக்குப் போட்டால் 10 டன் பக்கம் வரும், ஒரு தோட்டத்து ஆள் மொத்தமும் சேர்ந்து இழுத்தாலும் அசையாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பறக்கும்போது கதவைத் திறக்கவே முடியாது" என்றும் சொல்லிவிட்டேன்.

தே தாரேக் டீயை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்த பையன் கைப்பேசியை நீட்டினான். 2023 மே மாதம், தென் கொரியாவில் தேகு விமான நிலையத்தில் இறங்கப்போன விமானத்தின் கதவை ஒரு பயணி திறந்தேவிட்டார். தரையிலிருந்து 200 மீட்டர் சொச்சம்தான், அங்கே உள்ளும் வெளியும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்று.

"அப்போ முடியும்தானே மாமா?"

"முடியும்டா."

விளக்கும் கதவும் எப்படியோ போகட்டும். இன்ஜின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழுவதாகக் காட்டுகிறார்களே, அதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். பக்கத்து வீட்டு அக்கா 30 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பாம்புக்கே பயப்படாதவர். அப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு, சென்னையில் படிக்கிற பேத்தியைப் பார்க்கப் போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் 1982 கதையைச் சொன்னேன். நான் வேலைக்குச் சேருமுன் நடந்தது. லண்டனிலிருந்து பம்பாய், சென்னை வழியாகச் சுபாங் வந்து, இங்கிருந்து பெர்த்துக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம், ஜாவாவில் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து, நாலு இன்ஜினும் நின்றுபோயின. 37,000 அடியிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கியது. 13,000 அடி சுமாரில் இன்ஜின்கள் மறுபடி பிடித்துக்கொண்டன, ஜகார்த்தாவில் தரை தொட்டது, ஒருவர் உயிரும் போகவில்லை.

அக்கா முழுசாகக் கேட்டார். டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. ஒரே ஒரு கேள்விதான்: "எரிமலை இல்லாத பக்கமாத்தானே போவுது, தம்பி?"

அந்தமானில் ஒன்று இருப்பதை நான் வாயே திறக்கவில்லை.