14ஆம் நாள் போயா

சட்டமுதுமாணிக்கு (எல்.எல்.எம்.) பதிவு செய்த அன்று கையில் ஒரு கோவையைத் தந்தார்கள். அடையாள அட்டைப் படிவம், நூலக வைப்புப் பணத்துக்கான பற்றுச்சீட்டு, வகுப்பு அட்டவணை, எல்லாவற்றுக்கும் அடியில் விதிமுறைப் புத்தகம். அட்டவணையை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு கோவையை அலுமாரியில் வைத்துவிட்டேன். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் நாள் முழுக்க மற்றவர்களின் ஒப்பந்தங்களில் உள்ள சின்ன எழுத்தைத் தேடி வாசிக்கிற சட்டத்தரணி நான். என் படிப்பின் சின்ன எழுத்தை வாசிக்க ஒன்றரை வருசம் பிடித்தது. அதுவும் காய்ச்சல் வந்த பிறகு.

எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. கொழும்பில் இருக்கிறது, சனி ஞாயிறுகளில் வகுப்பு, ஆங்கிலத்தில் படிப்பு. அது போதும்.

விண்ணப்பத்திலேயே ஒரு சறுக்கல். சட்டமாணிப் பட்டத்தின் புள்ளி விபரம், படித்த பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது விதி. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். உறை வீட்டு முகவரிக்கு வந்தது. அம்மா திறந்து வாசித்து, "எல்லாம் நல்ல மார்க்ஸ்தான் பிள்ளை" என்று போனில் சொன்னார். திறந்த உறை செல்லாது. மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் கடிதம் எழுதி, கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்பு புது உறை வந்தது. அம்மாவுக்கு இன்றுவரை அந்தக் கதை முழுதாகத் தெரியாது.

சேரும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில், எஸ்.எல்.கியூ.எஃப். என்று எல்லாரும் சொல்வதில், முதுமாணிக்கு இரண்டு படிகள் உண்டு. 30 திறமைப்புள்ளியோடு பாடங்களை மட்டும் முடித்தால் 9ஆம் மட்டம். 60 திறமைப்புள்ளி, அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு என்றால் 10ஆம் மட்டம். பாடத்தில் ஒரு புள்ளி என்பது 50 மணி நேரப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் சேர்த்து. ஆய்வில் ஒரு புள்ளிக்குக் குறைந்தது 100 மணி நேரம். அப்படியென்றால் 60 புள்ளிக்குக் குறைந்தது 3750 மணி நேரம். "சனி ஞாயிறுதானே" என்று சொல்லிச் சேர்த்துவிட்ட அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "அப்ப திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் என்ன செய்யப்போறாய்?" என்றார். நான் 60ஐத்தான் எடுத்தேன். ஆய்வு செய்யாமல் முதுமாணி எடுப்பதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அது என் கருத்து. 30 எடுத்த சிநேகிதிகள் கோபிக்க வேண்டாம்.

வரவு 80 வீதம். 15 வகுப்பில் 3 தான் தவறவிடலாம். என் சீனியருக்குச் சனிக்கிழமையில்தான் கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கதைக்கப் பிடிக்கும், அதனால் அந்த மூன்றையும் முதல் இரண்டு மாதத்திலேயே தீர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு மழையோ வெயிலோ, வெள்ளவத்தையில் காலை ஏழு மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன்.

ஜூன் மாதம், இரண்டாம் பருவப் பரீட்சை. நான்கு பாடத்தில் மூன்றை எழுதியாயிற்று. நான்காவதுக்கு முதல் நாள் உடம்பு கொதித்தது. மழை தொடங்கிய கொழும்பில் ஜூன் மாதக் காய்ச்சல் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது டெங்குதான். டெங்குவேதான். இரத்தத் தட்டு இறங்க இறங்க, பரீட்சை நேரத்தில் நான் ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டிலில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். ஒரு வாரத்தில் வீட்டுக்கு விட்டார்கள். நடந்தால் சுவர் சுற்றியது.

அப்போதுதான் கோவை ஞாபகம் வந்தது. தம்பி அலுமாரியில் இருந்து எடுத்துத் தந்தான். சுகவீனத்தால் பரீட்சைக்கு வராதவர், அந்தப் பரீட்சைத் தினத்திலிருந்து 14 நாட்களுக்குள் வைத்தியச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனைச் சான்றிதழ் என்றால் பல்கலைக்கழக வைத்திய அதிகாரி அதில் ஒப்பமிட வேண்டும். ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கில் வரும். ஏற்காவிட்டால் அது மீள்பரீட்சை: 90 எடுத்தாலும் பெறுபேற்றில் சி தான் விழும், திறமைச் சித்தி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாக்கியத்துக்குள் இத்தனையும். ஒன்றரை வருசமாக அந்த வாக்கியம் என் சேலைகளுக்குக் கீழே இருந்திருக்கிறது.

மருத்துவமனையில் சான்றிதழ் கிடைத்தது 12ஆம் நாள். 13ஆம் நாள் வைத்திய அதிகாரியின் அறைக்கு வெளியே வாங்கில் மூன்று மணி நேரம். ஒப்பம் கிடைத்து ஓடிப் போனால் பரீட்சைக் கிளையில் கவுண்டர் பூட்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. 14ஆம் நாள் பொசன் போயா, பௌர்ணமிப் பொது விடுமுறை. 15ஆம் நாள் காலை, கதவு திறக்கும்போது நானும் தம்பியும் வாசலில் நின்றோம்.

அங்கிருந்த இலிகிதர் சிங்களவர், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே வரும். விரலால் நாட்காட்டியில் எண்ணினார். "நேத்தோட டேட் முடிஞ்சி மிஸ்."

"நேற்று போயா. ஒஃபீஸ் பூட்டு."

"அப்ப முந்தாநாள் வந்திருக்கணும்."

முந்தாநாள் வந்தேன் என்று சொல்ல வாய் வந்தது, மூச்சு வரவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டார், ஆனால் திகதி முத்திரையை அழுத்தி, பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'காலம் கடந்தது' என்று சிங்களத்தில் எழுதினார். முத்திரையின் மை என் பெயரில் கொஞ்சம் பட்டிருந்தது.

அன்றிரவு அம்மா அனுப்பிவைத்த பப்பாளி இலைச் சாற்றைக் குடித்துக்கொண்டு (அதற்கு எவ்வளவு பலன் என்று தெரியாது, கசப்பு மட்டும் நிச்சயம்) மற்றச் சட்டங்களை எப்படி வாசிப்பது என்று சொல்கிற பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தைத் திறந்தேன். 1901ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கம். 8ஆம் பிரிவு: எழுதப்பட்ட சட்டம் ஒன்று ஒரு காரியத்துக்குக் காலம் குறித்து, அதன் கடைசி நாளில் நீதிமன்றமோ அலுவலகமோ பூட்டியிருந்தால், அது அடுத்துத் திறக்கும் நாளில் செய்யலாம். வழக்குகளில் எத்தனையோ தடவை பயன்படுத்திய பிரிவு. கேள்வி, பல்கலைக்கழக விதி 'எழுதப்பட்ட சட்டமா' என்பது. 2ஆம் பிரிவில் அதன் வரைவிலக்கணம் அகலமானது: சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற ஒருவரோ சபையோ ஆக்குகிற விதிகள், துணைவிதிகள், ஒழுங்குவிதிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் விதிமுறைப் புத்தகத்தின் முதல் வரியே 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்டது என்று தொடங்குகிறது. சாறு கசந்தது தெரியவில்லை.

மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, கற்கைநெறி ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோனேன். மிஸ் முழுவதையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வாதம் சரி. ஆனா இதை உயர் நீதிமன்றத்துக்கு எழுதியிருக்கிறீர். பீடச் சபையில சனிக்கிழமை மத்தியானம் பசியோட இருக்கிற ஆக்களுக்கு எழுதும்." கடிதம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. முதல் பந்தியில் டெங்கு, இரண்டாவதில் திகதிகள், சட்டம் மூன்றாவது பந்தியில் இரண்டு வரி. கடைசியில் "பணிவாக வேண்டுகிறேன்". அந்தச் சொல்லை எழுதக் கை கூசியது. உரிமையைக் கேட்கும்போது ஏன் பணிவு? மிஸ் சிரித்தார். போட்டேன்.

பீடச் சபை, பிறகு பல்கலைக்கழகத்தின் மூதவை (செனட்). இரண்டும் மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ஒன்றில் ஒத்திவைத்தால் ஒரு மாதம் போய்விடும். நான்கு மாதம் போயிற்று. அதற்குள் அந்தப் பாடத்துக்கு மறுபடி பரீட்சை வந்தது. முதல் தடவையா மீள்பரீட்சையா என்று தெரியாமலே போய் எழுதினேன். சி தான் என்றால் எதற்கு மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு மினக்கெடுகிறேன் என்று இடையில் ஒருதரம் பேனையை வைத்ததும் உண்டு.

பதில் ஒரு பந்தியில் வந்தது. விசேட சந்தர்ப்பமாகக் கருதி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இதனை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது. எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. ஆனால் 8ஆம் பிரிவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தீர்ப்புக் கேட்டவளுக்குச் சலுகை தந்தார்கள். சந்தோசமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. வெள்ளவத்தைச் சந்தியில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன்.

ஆய்வேடு அதற்குப் பிறகு. தலைப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் இருக்கிற காணியை விற்க, கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம், 6ஆம் பிரிவு. நகையை விற்கச் சம்மதம் தேவையில்லை, காணிக்குத் தேவை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் பேசும். 16ஆம் உறுப்புரை ஏற்கெனவே உள்ள சட்டங்கள் அப்படியே செல்லும் என்று அதை நிறுத்திவிடும். என் சின்னம்மாவின் புருசன் வெளிநாடு போய்ப் பதினைந்து வருசம், முகவரி இல்லை. சீதனக் காணியை விற்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. சட்டத்தில் 8ஆம் பிரிவுகள்தான் எனக்கு ராசி போல.

எழுதும்போது தெரியாத ஒன்று: ஒத்த வரிகளைக் கண்டுபிடிக்கிற டர்னிடின் மென்பொருளுக்குச் சட்டப் பிரிவுக்கும் களவுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் அறிக்கையில் 27 வீதம். எங்கள் எல்லை 20. 6ஆம் பிரிவை முழுதாக மேற்கோள் காட்டியது, தீர்ப்புப் பந்திகள், உசாத்துணைப் பட்டியல் எல்லாமே சிவப்பு. மேற்கோளையும் பட்டியலையும் விலக்கி ஓட்டும்படி மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்தார், 11க்கு இறங்கியது. ஆய்வேடு எழுதப் போகிறவர்கள் அறிக்கை எடுக்க முன்பே அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கட்டிய பிரதிகள். பம்பலப்பிட்டியில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கறுப்பு மட்டை, தங்க எழுத்து. பரீட்சைக் கிளைக்குக் கொண்டுபோனால் அதே இலிகிதர். இழுப்பறையில் இருந்து அடிமட்டத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, இடது ஓரத்தை அளந்தார். ஒன்றரை அங்குலம் வேண்டும். இருந்தது. இன்னொரு பக்கம் அளந்தார். அங்கேயும் இருந்தது. முத்திரையை எடுத்துத் திகதியைச் சரிபார்த்து அழுத்தினார். கடைசித் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பற்றுச்சீட்டைக் கிழித்துத் தரும்போது குரலைத் தாழ்த்தினார். "மிஸ், அந்தப் போயா விசயம். என்ன சட்டம் அது? என்ட மச்சானுக்கு ஒரு அப்பீல் இருக்கு, டேட் ஞாயித்துக்கிழமை விழுது."

பழைய வைப்புச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: 1901, இலக்கம் 21, பிரிவு 8. எதற்கும் திங்கட்கிழமை காலையிலேயே ஒரு சட்டத்தரணியோடு போகச் சொன்னேன். இரண்டாக மடித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் செருகினார்.