மூன்றடி பவளத் தொட்டி: பதினோராம் வாரம்

தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி இன்றோடு பதினோரு வாரம். இடது பக்கக் கல்லில் ஒட்டிய பச்சை சோவாந்தஸ் (பூ மாதிரி விரியும் ஒரு மென் பவளம்) ஏழு பாலிப்போடு, அதாவது ஏழு தனித்தனி பூப் போன்ற உயிரோடு வந்தது. நேற்று ராத்திரி எண்ணினேன், பத்து. புதிதாக முளைத்த மூன்றும் மிளகு அளவுதான், ஆனால் மூன்றும் விரிந்திருக்கின்றன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த நிலைக்கு வர விளக்கு, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) என்று நிறைய அலைந்தேன். சென்னையில் புதிதாக இப்படிப் பவளத் தொட்டி வைக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

தொட்டி மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குக்கு 190 லிட்டர். கல்லும் மணலும் போக 160 லிட்டர் நிற்கும். கீழே ஸ்டாண்டுக்குள் இரண்டடி சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத் தொட்டி.

விளக்கைப் பற்றி யோசிக்கும் முன்பே எந்தப் பவளம் என்று முடிவு செய்துவிட்டேன். அக்ரோபோரா மாதிரி கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யாராவது "ராமேஸ்வரத்திலிருந்து வந்தது, விலை கம்மி" என்று நீட்டினால் தொடவே வேண்டாம். 1998-லும் 2016-லும் கடல் சூடாகி மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. அதைத் தாண்டிப் பிழைத்து நிற்பதை நம் வீட்டுக் கூடத்துக்காகப் பெயர்த்துக்கொண்டு வருவது பெரிய தப்பு. அதனால் என்னுடையது முழுக்க மென் பவளத் தொட்டி: சோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர். கல்கூட கடல் கல் இல்லை, சுட்ட பீங்கான் கல்.

இந்த முடிவால் விளக்குச் செலவு பாதியானது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது, அது வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுவதில்தான் பவளத்தின் பெரும்பகுதி பிழைப்பு. ஆக விளக்கு என்பது அதற்குச் சாப்பாடு. எவ்வளவு சாப்பாடு என்பதை வாட்ஸ் சொல்லாது; விளக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். பார்க்க வேண்டியது பிஏஆர். பவளம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி எவ்வளவு விழுகிறது என்ற கணக்கு அது. மென் பவளத்துக்கு 50 முதல் 150 வரை கிடைத்தால் போதும். அக்ரோபோரா வளர்ப்பவர்களுக்கு 250, 300 என்று தேவைப்படும்.

முதலில் ஒரு நண்பருடைய 165 வாட்ஸ் பெட்டி விளக்கை இரவல் வாங்கி நடுவில் தொங்கவிட்டேன். கண்ணுக்குத் தொட்டி முழுக்க ஜொலித்தது. அப்புறம் பிஏஆர் மீட்டரையும் இரவல் வாங்கி, அதன் முனையை ஒரு பிளாஸ்டிக் குழாயில் கட்டி, இடம் இடமாக இறக்கிப் பார்த்தேன். விளக்குக்கு நேர் கீழே, அரை அடி ஆழத்தில் 340. அதே தொட்டியின் மூலையில், மணல் மேல் 30. ஒரே விளக்கின் கீழ் ஒரு பவளம் கருகும், பக்கத்திலேயே இன்னொன்று பட்டினி கிடக்கும்! கண் இதைக் காட்டிக் கொடுக்கவே இல்லை.

அதனால் ஒரு பெரிய விளக்குக்குப் பதில் 90 வாட்ஸில் இரண்டு வாங்கினேன். இப்போது கல்லின் உச்சியில் 150, மணல் நடுவில் 80, மூலையில் 60. ஒரு விளக்கால் விழுகிற நிழலை இன்னொன்று நிரப்புகிறது. மீட்டர் வாங்க அவசியமில்லை, ஒரு நாள் யாரிடமாவது கேட்டு வாங்கி அளந்துவிடுங்கள். அது இல்லாமல் விளக்குக்குப் பெரிய தொகை போடாதீர்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை நீலம் 55 சதவீதம், வெள்ளை 15 சதவீதம், எட்டு மணி நேரம். வெள்ளையை ஏற்றினால் மீன் கடை மாதிரி பளிச்சென்று இருக்கும், ஆனால் கூடவே கல்லில் பாசியும் ஏறியது.

ஒரு தவறு செய்தேன். லெதர் வந்த முதல் நாளே விளக்கை அந்த அளவிலேயே ஓடவிட்டேன். மூன்றாம் நாள் அது சுருங்கி, மெழுகு தடவியது போல மேலே ஒரு படலம் போர்த்திக்கொண்டது. லெதர் அவ்வப்போது தோல் உரிக்கும் என்று தெரியும், ஆனால் நிறமும் வெளிறியதால் பயந்துவிட்டேன். விளக்கை 30 சதவீதத்துக்கு இறக்கி, வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றினேன். பத்தாம் நாள் படலம் உரிந்து நீரோட்டத்தில் போனது. அடியில் புதுப் பாலிப்புகள் பூ மாதிரி விரிந்திருந்தன.

ஆனால் சென்னையில் விளக்கைவிடப் பெரிய விஷயம் வெப்பம். ஏப்ரல் நடுவிலேயே தண்ணீர் 31 டிகிரி காட்டியது. பவளம் இன்னும் வரவில்லை என்பதால் தப்பித்தேன். முதலில் மேலே இரண்டு சின்ன ஃபேன் வைத்துப் பார்த்தேன். காற்று உலர்ந்திருந்த நாளில் இரண்டு டிகிரி இறங்கியது, புழுக்கமான நாளில் அரை டிகிரிகூட இல்லை. அதோடு தினமும் மூன்று லிட்டருக்கு மேல் ஆவியானது. தண்ணீர் போகும், உப்பு போகாது. தண்ணீரில் உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35-லிருந்து ஏறிக்கொண்டே இருந்தது. சரி என்று கால் ஹெச்பி சில்லர் வாங்கினேன். மொத்தச் செலவில் பெரிய உருப்படி இதுதான்.

சில்லரை ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை அது அறைக்குள்ளேயே கொட்டும், பிறகு அதையே மறுபடி குளிர்விக்கப் போராடும். நான் சுவரில் துளை போட்டு, குழாய்க்கு ஃபோம் சுற்றி, சர்வீஸ் பால்கனியில் வைத்தேன். கத்திரி வெயிலிலும் 26 டிகிரியில் நிற்கிறது.

தண்ணீரில் ஒரு பாடம் கிடைத்தது. வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீரே போதும் என்று நினைத்து உப்பு கலந்தேன். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 70 இருந்தது, ருசிக்காக அந்த மெஷினே கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்து கொடுக்கிறது. இரண்டே வாரத்தில் மணல் முழுக்கக் காப்பிப் பொடி தூவியது போலப் பழுப்புப் படலம். பிறகு மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் உள்ள தனி யூனிட் போட்டேன், இப்போது டிடிஎஸ் பூஜ்யம். அது கழிக்கிற தண்ணீரை வீடு துடைக்க எடுத்துக்கொள்கிறோம்.

நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்கு எது வாங்கினாலும் ஓடும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன், நேரடியாக அடித்தால் மஷ்ரூம் கல்லை விட்டுவிடும். கரண்ட் போனால் தானாக ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, இரண்டு மணி நேரம் அசைவில்லாமல் நின்றால் ஆபத்து.

விஷமான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஆறாம் வாரத்திலிருந்து பூஜ்யம், நைட்ரேட் 5. அடுத்த மாதம் க்ளவுன் மீன் ஒரு ஜோடி விடப் போகிறேன், கடலில் பிடித்தது இல்லாமல் குஞ்சு பொரித்து வளர்த்ததாக. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் அதை வெற்றிகரமாக வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அதுவரை வலது மூலையில் இருக்கிற சிவப்பு மஷ்ரூமைக் கவனிக்க வேண்டும். அங்கே பிஏஆர் 60 இருந்தும் அது மூன்று நாளாக வெளிச்சம் பக்கம் சாய்ந்து நிற்கிறது.