எடை இயந்திரத்திலிருந்து கையை எடுத்த கதை: ஒரு மாவு ஆலையில் கட்டுப்பாட்டு வரைபடம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள ஓர் அரிசி மாவு ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். வறுத்த புட்டு மாவும் இடியாப்ப மாவும் எங்கள் முதன்மைச் சரக்கு. அரைத்த மாவின் கணக்குக்கும் விற்ற மாவின் கணக்குக்கும் இடையே மாதந்தோறும் ஒரு துண்டு விழுந்துகொண்டே இருந்ததால், அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும்படி முதலாளி என்னிடம் ஒப்படைத்தார். திருட்டு என்று சிலரும், அரைக்கும்போது பறக்கும் தூசி என்று சிலரும் சொன்னார்கள். 1 கிலோ பவுச்சுகள் சிலவற்றை எடுத்து நிறுத்துப் பார்த்தபோதே விடை பெரும்பாலும் தெரிந்துவிட்டது. அச்சிட்ட எடைக்கு மேல் நிரப்பி வந்ததால், நாங்கள் விற்ற மாவில் ஒரு பகுதிக்கு விலையே வாங்கவில்லை.

இதற்குக் காரணம் பயம். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, 1 கிலோ என்று அச்சிட்ட பொட்டலத்தில் அனுமதிக்கப்படும் அதிகபட்சக் குறைவு 15 கிராம். அதாவது 985 கிராமுக்குக் கீழே போனால் அது பிழையான பொட்டலம். அத்துடன், சோதனைக்கு எடுக்கும் பொட்டலங்களின் சராசரி 1000 கிராமுக்குக் குறையவும் கூடாது. இந்த இரண்டில் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இயந்திரத்தைத் தாராளமாக வைத்து ஓட்டுவது எங்கள் ஆலையின் நெடுநாள் வழக்கம். நியாயமான எச்சரிக்கைதான், ஆனால் எவ்வளவு தாராளம் போதும் என்று யாரும் கணக்கிட்டதில்லை.

முதலில் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கைக் காரணவாரியாகப் பிரித்து, அதிகமானதை முதலில் வைத்து வரிசைப்படுத்தும் பரேட்டோ வரைபடம் போட்டோம். ஒட்டு விட்ட பவுச்சுகளே முன்னால் நின்றன, அதைத் தனி வேலையாக எடுத்துக்கொண்டோம். எடை வேறுபாட்டுக்கு, சாத்தியமான காரணங்களை முட்களாகக் கிளைபிரித்து எழுதும் இஷிகாவாவின் மீன்முள் வரைபடத்தை வெள்ளைப் பலகையில் வரைந்து எல்லோரையும் பேச வைத்தோம். மனிதர்களைப் பேச வைப்பதற்கு அது மிக நல்ல கருவி. காரணத்தைக் கண்டுபிடிக்க அது போதாது என்பது என் கருத்து. பலகை நிறைந்த பிறகும் எந்த முள் உண்மையானது என்று அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அளப்பதற்கு முன் அளக்கும் கருவியையே சோதிக்க வேண்டும். பத்துப் பவுச்சுகளுக்கு எண்ணிட்டு, இரண்டு பணியாளர்களிடம் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காதபடி வரிசையை மாற்றி மாற்றி மும்முறை நிறுக்கச் சொன்னேன். ஒரே பவுச்சை ஒரே ஆள் நிறுத்தபோதே எண்கள் சில கிராம் முன்பின் ஆயின. அளவீட்டு முறையால் வரும் வேறுபாடு மொத்த வேறுபாட்டில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பக் கூடாது என்பது இத்துறையின் பொது அளவுகோல், எங்களுடையது தாண்டியிருந்தது. தராசு இருந்த இடம் லாரியில் சரக்கு ஏற்றும் கதவுக்கு நேர் எதிரே. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆனி, ஆடியில் எப்படி வீசும் என்பது இப்பக்கத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்தால் தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். அவசரத்தில் ஒருவர் ஏறும்போது படிப்பார், ஒருவர் இறங்கும்போது படிப்பார். தராசை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, மூன்று பக்கமும் கண்ணாடித் தடுப்பு வைத்து, எண் நிலைத்த பிறகே எழுத வேண்டும் என்று விதி செய்தோம். மறுபடி சோதித்தபோது அளவீட்டின் பங்கு 10 சதவீதத்துக்குள் வந்தது.

அதன் பிறகே, அளவுகளைப் புள்ளிகளாக வைத்து எல்லைக் கோடுகளோடு ஒப்பிடும் கட்டுப்பாட்டு வரைபடத்தைத் தொடங்கினேன். இது புதிய கருவியன்று. அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்தது. 1931இல் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குக் கோயம்புத்தூரிலேயே புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்திலும் ஐ.எஸ். 397 என்ற தொடர் இதற்காகவே உள்ளது. அப்படியிருந்தும், எங்களைப் போன்ற சிறு ஆலைகள் இதை வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்காரர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கியே வைத்திருக்கின்றன.

முறை எளிது. குறித்த இடைவெளியில் அடுத்தடுத்து விழும் ஐந்து பவுச்சுகளை எடுத்து, அவற்றின் சராசரியை ஒரு படத்திலும், மிகப் பெரிய எடைக்கும் மிகச் சிறிய எடைக்கும் உள்ள வித்தியாசமான வீச்சை இன்னொரு படத்திலும் புள்ளியாக வைக்க வேண்டும். இருபத்தைந்து தொகுதிகள் சேர்ந்ததும் கணக்கிட்டேன். மொத்தச் சராசரி 1012 கிராம், சராசரி வீச்சு 12 கிராம். ஐந்து பவுச்சுகள் கொண்ட தொகுதிக்கான 0.577 என்ற மாறிலியால் வீச்சைப் பெருக்கினால் ஏறக்குறைய 7. ஆகவே சராசரிப் படத்தின் எல்லைகள் 1005 முதல் 1019 வரை. வீச்சை 2.326ஆல் வகுத்தால் கிடைக்கும் திட்ட விலக்கம், அதாவது தனிப் பவுச்சுகளின் எடை சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 5 கிராமுக்குச் சற்று மேல். எல்லைக் கோடுகளுக்குப் பதிலாக 985 கிராம் கோட்டையே போட்டுவிடலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள், நான் உடன்படவில்லை. 985 என்பது சட்டம் கேட்பது. கட்டுப்பாட்டு எல்லை என்பது இயந்திரம் தன் இயல்பில் எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்வது. இரண்டையும் ஒரே தாளில் வைத்தால், 990 கிராம் விழும் நாளிலும் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

படத்தைக் கணினியில் போடாமல் இயந்திரத்தின் பக்கத்திலேயே கட்டத் தாளில், ஆபரேட்டரின் கையாலேயே வைக்கச் செய்தோம். எங்கள் ஆபரேட்டர் வடகரப்பதிப் பக்கத்துத் தமிழர், மேற்பார்வையாளர் மலையாளி, பவுச் பிடிப்பவர்கள் ஒடிசாக்காரர்கள். புள்ளிக்கும் சிவப்புக் கோட்டுக்கும் மொழி தேவைப்படவில்லை.

இனிதான் விஷயத்தின் மையம். எங்களுடையது திருகு சுழன்று மாவைத் தள்ளி நிரப்பும் பாதி தானியங்கி ஆகர் இயந்திரம்; பவுச் நிரம்பியதும் ஒவ்வொன்றும் தராசில் ஏறும். எண் குறைந்தால் ஆபரேட்டர் ஆகரின் சுற்றைக் கூட்டுவார், கூடினால் குறைப்பார். பொறுப்பான மனிதர், நாள் முழுவதும் கை ஓயாமல் இதைச் செய்துகொண்டிருந்தார். தற்செயலாக மட்டுமே ஆடும் ஒன்றை ஒவ்வொரு முறையும் முழுதாகத் திருத்தினால் ஆட்டம் குறையாது, கூடும் என்பதை அமெரிக்கத் தர நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் புனலும் கோலிக்குண்டும் வைத்துச் செய்து காட்டினார். கணக்குப்படி மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) இரட்டிப்பாகும், திட்ட விலக்கம் 1.41 மடங்காகும். இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு ஷிப்டு முழுவதும், படத்தில் புள்ளி எல்லையைத் தாண்டினால் ஒழியச் சுற்றை மாற்றக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

“எடை இறங்குதுங்க சார், ஒரு சுத்து கூட்டட்டுங்களா?” என்று அவர் அடிக்கடி கேட்டார்.

“புள்ளி கோட்டுக்குள்ளதானுங்கண்ணா இருக்குது, விட்டுடுங்க” என்பதே என் பதில்.

அவருக்கு அது சும்மா நிற்பதற்குச் சம்பளம் வாங்குவதுபோல் இருந்திருக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஷிப்டு முடிவில் சராசரி வீச்சு 12 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறங்கியிருந்தது. ஒரு பைசா செலவில்லை, ஒரு திருகாணி மாற்றவில்லை. ஒன்றரை மடங்கு என்பது டெமிங்கின் கணக்குக்கு மிக அருகில் வருவதை முதலாளிக்குக் காட்டியபோது, அவர் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

வீச்சு குறைந்ததும் சராசரிப் படத்தின் எல்லைகளும் நெருங்கின. அதுவரை மறைந்திருந்த ஒன்று அப்போது வெளியே வந்தது. புள்ளிகள் மெல்ல மெல்ல இறங்கி, சட்டென்று மேலே குதித்து, மறுபடி இறங்கின; படம் ரம்பத்தின் பற்களைப் போல இருந்தது. மேலே குதித்த நேரங்களைக் குறித்து வைத்துப் பார்த்தால், அவை யாவும் ஹாப்பரில், அதாவது இயந்திரத்தின் மேலுள்ள மாவுத் தொட்டியில், மூட்டை கொட்டிய நேரங்கள். ஹாப்பர் நிறைந்திருக்கும்போது மேலிருக்கும் மாவின் பாரத்தால் அடிமாவு இறுகி, ஒரே சுற்றுக்கு அதிக எடை விழுகிறது; காலியாகும்போது மாவு இளகி எடை குறைகிறது. ஆபரேட்டர் இத்தனை நாளும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கையால் துரத்தியிருக்கிறார். துரத்தியதாலேயே அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஹாப்பரின் பார்வைக் கண்ணாடியில் இரண்டு பட்டைகளை ஒட்டி, மாவு மட்டம் அவற்றுக்கு இடையிலேயே இருக்க வேண்டும், மூட்டை மூட்டையாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக விட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். பற்கள் மழுங்கின.

வேறொரு நாள், எல்லை எதுவும் தாண்டப்படவில்லை. ஆனால் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்குக் கீழேயே விழுந்தன. தற்செயலாக அப்படி விழுவது அரிது என்பதால் அதையும் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும் என்பது, கட்டுப்பாட்டு வரைபடத்தைப் படிப்பதற்கான வெஸ்டர்ன் எலக்ட்ரிக் விதிகளில் ஒன்று. இயந்திரத்தைத் தொடாமல் அன்று மாறியது என்ன என்று தேடினோம். புதிய பவுச் ரோல் வந்திருந்தது. காலிப் பவுச்சு பழையதைவிட 2 கிராம் லேசாக இருந்தது. நாங்கள் பவுச்சோடு சேர்த்து நிறுத்து, பழைய காலிப் பவுச்சின் எடையையே கழித்துக்கொண்டிருந்தோம். மாவு குறையவே இல்லை. பழைய வழக்கப்படி சுற்றைக் கூட்டியிருந்தால், அந்த ரோல் தீரும்வரை ஒவ்வொரு பவுச்சிலும் 2 கிராம் இனாமாகப் போயிருக்கும். இப்போது ரோல் மாறும்போதெல்லாம் காலிப் பவுச்சுகளை நிறுத்துத் தராசைத் திருத்திக்கொள்கிறோம்.

இவற்றுக்குப் பிறகே சராசரியைக் கீழே இறக்கினோம். வீச்சு 8 கிராம் என்றால் திட்ட விலக்கம் சுமார் 3.4 கிராம், இலக்கை 1005இல் வைத்தால் ஐந்தின் சராசரிக்கான கீழெல்லை 1000.4. சட்டத்தின் 985 கிராமிலிருந்து பார்த்தால், முன்பு 1.74 ஆக இருந்த செயல்திறன் குறியீடு (சராசரிக்கும் 985க்கும் உள்ள இடைவெளியைத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கால் வகுத்தது), சராசரியை 7 கிராம் இறக்கிய பிறகும் 1.94 ஆக உயர்ந்திருக்கிறது. ஆயிரம் பவுச்சுக்கு 7 கிலோ மாவு ஆலையிலேயே நிற்கிறது.

முதலாளிக்கு இதில் ருசி கண்டுவிட்டது. 1002க்கு இறக்கினால் என்ன என்று கேட்டார். அப்படிச் செய்தால் கீழெல்லை 997.4க்குப் போகும், தனிப் பொட்டலம் எதுவும் பிழையாகாது, ஆனால் சோதனைக்கு எடுக்கும் சிறு கூட்டத்தின் சராசரி 1000க்குக் கீழே விழ வாய்ப்புண்டு என்று அதே தாளில் எழுதிக் காட்டினேன். இலக்கைக் குறைக்க வேண்டுமானால் முதலில் வீச்சு குறைய வேண்டும். அதற்குத் தேய்ந்துபோன ஆகர் திருகை மாற்ற வேண்டும். திருகுக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம். அதுவரை இலக்கு 1005 தான்.