5 டர்ன் மழை: ரெகுலேஷன் எச் டீம் நாட்குறிப்பு

அக்டோபர் 6, 2024

போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் டபுள்ஸ்: ஆறு பேர் டீமிலிருந்து நான்கு பேரை எடுத்து, இரண்டிரண்டாக இறக்கி மோதும் ஆட்டம். 2024 செப்டம்பர் 1 முதல் ரெகுலேஷன் எச் என்ற போட்டி விதித்தொகுப்பு நடப்புக்கு வந்தது: லெஜண்டரி, மித்திக்கல், பாரடாக்ஸ் என்ற வலுவான போக்கிமான் வகைகள் எதுவும் அதில் கிடையாது. ஃப்ளட்டர் மேன், சியென்-பாவ் மாதிரி 135 ஸ்பீடு ஆட்கள் போன பிறகு, வானிலையால் வேகம் கூட்டும் டீம்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அதனால் மழை.

மழையில் வாட்டர் மூவ்கள் 1.5 மடங்கு, ஃபயர் பாதி. ஹரிக்கேனும் தண்டரும் குறி தப்பாது. ஸ்விஃப்ட் ஸ்விம் அபிலிட்டி (போக்கிமானின் பிறவித் திறன்) இருந்தால் ஸ்பீடு இரட்டிப்பு. எலெக்ட்ரோ ஷாட் மூவ் ஒரு டர்ன் சார்ஜ் செய்யாமல் அதே டர்னில் பாயும். இதற்கெல்லாம் ஒரே வாடகைதான்: களத்தில் இறங்கியதும் மழை வரவைக்கும் டிரிஸில் அபிலிட்டியோடு ஒருவர் டீமில் இருக்க வேண்டும்.

அது பெலிப்பரா பாலிடோடா? அடி தாங்குவதில் பாலிடோட் மேல் (எச்பி 90, சிறப்புத் தற்காப்பு 100, பெலிப்பருக்கு 60, 70). ஆனால் டெயில்விண்டும் (நம் பக்கத்தின் ஸ்பீடை இரட்டிக்கும் காற்று) வைட் கார்டும் (ஒரே அடியில் பலரைத் தாக்கும் மூவ்களைத் தடுப்பது) பெலிப்பரிடம்தான் உண்டு, கிரவுண்ட் அடியும் அதன்மேல் படாது. பெலிப்பரே. எலெக்ட்ரிக் அதற்கு 4 மடங்கு என்பதால் ஃபோகஸ் சாஷ் (முழு எச்பியில் இருக்கும்போது ஒரே அடியில் விழாமல் காக்கும் ஐட்டம்) கட்டாயம். பிடித்த பெலிப்பரில் டிரிஸில் இல்லாவிட்டால் அபிலிட்டியை மாற்றும் அபிலிட்டி கேப்ஸ்யூல் ஒன்று போதும். டிரிஸில் மறை அபிலிட்டி அல்ல. மறை அபிலிட்டியான ரெயின் டிஷ்ஷோடு வந்ததென்றால் மட்டும் கேப்ஸ்யூல் உதவாது, வேறொன்று பிடிப்பதே மேல்.

அக்டோபர் 7

மழை டீம் தோற்பது பெரும்பாலும் டேமேஜ் போதாமல் அல்ல, டர்ன் எண்ணத் தவறியதால். அதனால் முதலில் இந்தக் கணக்கு.

2010இல் வந்த பிளாக், ஒயிட்டில் டிரிஸில் மழைக்கு முடிவே கிடையாது. 2013இல் எக்ஸ், ஒய் அதை 5 டர்னாக வெட்டியது. டேம்ப் ராக் என்ற ஐட்டத்தைப் பிடித்திருந்தால் 8.

அந்த 5 எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். பெலிப்பர் லீடாக (ஆட்டத் தொடக்கத்திலேயே) இறங்கினால் 1 முதல் 5 வரை முழுதாக மழை. நடுவில் ஸ்விட்ச் செய்து இறக்கினால் இறக்கிய டர்னே முதல் டர்ன். அதற்குப் பிறகு கையில் இருப்பது 4. கூட இருப்பவர் அந்த டர்னிலேயே மழையைப் பயன்படுத்தி அடித்தால்தான் அது வீணாகாது. டர்ன் நடுவே ஸ்பீடு மாறினால் வரிசையும் உடனே மாறுவதால், பெலிப்பர் உள்ளே வந்த நொடியிலிருந்தே ஸ்விஃப்ட் ஸ்விம் வேலை செய்யும்.

நம் ஆள் ஒருவர் விழுந்து, டர்ன் முடிவில் மாற்றாகப் பெலிப்பர் வந்தால் அடுத்த 5 டர்னும் முழுசு. மூன்றில் லாபமானது இதுதான்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மழை பெய்துகொண்டிருக்கும்போது பெலிப்பரை வெளியே எடுத்துத் திரும்ப இறக்கினால் எண்ணிக்கை புதுப்பிக்கப்படாது. டிரிஸில் கண்டுகொள்ளவே செய்யாது. 4ஆம் டர்னில் 'மழையை நீட்டிப்போம்' என்று இறக்கினால், 5ஆம் டர்ன் முடிவில் மழை நின்றுவிடும். பெலிப்பரோ களத்தில் சும்மா நிற்கும். மறுபடி மழை வேண்டுமானால் அதை வெளியே எடுத்து மறுபடி இறக்க வேண்டும். அதற்கு 2 டர்ன் தண்டம். ஆனால் 5ஆம் டர்னில் நம் ஆள் ஒருவர் விழுந்தால் கதையே வேறு. டர்ன் முடிவில் முதலில் மழை நிற்கும், மாற்று ஆள் அதன் பிறகுதான் வருவார். அந்த மாற்று பெலிப்பராக இருந்தால் இடைவெளியே இல்லாமல் புது மழை.

அக்டோபர் 9

எதிரியிடமும் வானிலை இருந்தால்? இருவரும் ஒரே நேரத்தில் இறங்கும்போது வேகமானவரின் அபிலிட்டி முதலில், மெதுவானவரின் அபிலிட்டி கடைசியில். கடைசியாக வந்த வானிலைதான் நிற்கும். இங்கே சோம்பேறிக்குத்தான் யோகம்.

லெவல் 50இல் ஈவி (பயிற்சியில் ஏற்றும் புள்ளிகள்) போடாத பெலிப்பரின் ஸ்பீடு 85. இறங்கியதும் மணல்புயல் கிளப்பும் டைரானிட்டர், ஈவி போடாவிட்டால் 81. அப்படியே விட்டால் மணல்புயல் ஜெயிக்கும். ஸ்பீடைக் குறைக்கும் நேச்சர் (ஒரு திறனை ஏற்றி இன்னொன்றைக் குறைக்கும் குணம்) கொடுத்தால் பெலிப்பர் 76க்கு இறங்கும், மழை நிற்கும். டைரானிட்டரும் நேச்சர், ஐவி (பிறவிப் புள்ளி) இரண்டையும் குறைத்து வந்தால் 59. அதோடு போட்டி போட முடியாது. பனி கொண்டுவரும் அலோலா நைன்டேல்ஸ் முழு ஸ்பீடில் 177, அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வெயில் கொண்டுவரும் டார்க்கோல்தான் தலைவலி. ஈவி போடாமலே 40, முழுதும் குறைத்தால் 22. பெலிப்பரை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 63க்குக் கீழே போகாது. ஆகவே டார்க்கோல் லீடாக வரக்கூடிய டீமுக்கு எதிராகப் பெலிப்பரை லீடாக இறக்குவது மழையைத் தானம் கொடுப்பது. பின்னால் வைத்துக்கொண்டு, வெயில் வந்த பிறகு இறக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: இரு பக்கமும் ஒரே டர்னில் ஸ்விட்ச் செய்தால், உள்ளே வருபவரின் ஸ்பீடு கணக்கில் வராது. வெளியேறுபவரில் வேகமானவர் முதலில் மாறுவார். டீமிலேயே மெதுவான ஆளின் இடத்தில் பெலிப்பரை இறக்கினால், எதிரியின் டார்க்கோல் முதலில் வந்து வெயில் போடும், நம் மழை அதன் மேல் விழும்.

அக்டோபர் 10

பெலிப்பருக்கு குவயட் நேச்சர்: சிறப்புத் தாக்குதல் கூடும், ஸ்பீடு 76 ஆகும். ஈவி எவ்வளவு?

அளவுகோலாக ஃபயர் டைப் இன்சினரோரை எடுத்துக்கொள்ளலாம். பல டீம்களில் அது இருந்தது. எச்பிக்கு 252 ஈவி, சிறப்புத் தற்காப்புக்கு எதுவும் இல்லை என்றால் எச்பி 202, சிறப்புத் தற்காப்பு 110. மழையில் பெலிப்பரின் வெதர் பால் மூவ் வாட்டர் டைப் ஆகி பவர் 50இலிருந்து 100 ஆகும். சிறப்புத் தாக்குதல் 115 (ஈவி இல்லை, நேச்சரும் இல்லை) என்றால் அடி 182 முதல் 216 வரை. விழலாம், விழாமலும் போகலாம். 130 ஆக்கினால் குறைந்தபட்சமே 204, நிச்சயம் விழும். குவயட்டோடு 130ஐத் தொட 28 ஈவி போதும். நேச்சர் உதவி இல்லாவிட்டால் 116 தேவைப்பட்டிருக்கும். கால்சியம் (ஒன்றுக்கு 10 ஈவி) 2, அதற்கான இறகு (ஒன்றுக்கு 1) 8: சரியாக 28.

அசால்ட் வெஸ்ட் (சிறப்புத் தற்காப்பை ஏற்றி, தாக்கும் மூவ்களை மட்டும் விடும் ஐட்டம்) போட்ட இன்சினரோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிறப்புத் தற்காப்பில் ஈவி கொட்டியதற்கும் பொருந்தாது. இரண்டு அடி வேண்டும்.

எச்பி 252, மீதி 228 இரு தற்காப்புக்கும் சமமாக. மூவ்கள்: வெதர் பால், ஹரிக்கேன், டெயில்விண்ட், வைட் கார்டு. வானிலை கைமாறினால் வெதர் பால் டைப்பும் மாறும் என்பது நினைவிருக்கட்டும்: வெயிலில் ஃபயர், மணலில் ராக், பனியில் ஐஸ். டார்க்கோலை நோக்கி வெதர் பால் விடும்போது அது வெயில் போட்டுவிட்டால், நெருப்பை நெருப்பால் சுடுவதுதான். ஹரிக்கேனின் குறியும் வெயிலில் 50 சதவீதம்.

அக்டோபர் 12

ஆர்கலூடன். இந்த டீமின் உண்மையான முதலாளி. எலெக்ட்ரோ ஷாட் பவர் 130. அடிக்கும் முன் சிறப்புத் தாக்குதல் ஒரு படி ஏறும், மழையில் அதே டர்னில் அடியும் விழும். தாக்கும் மூவ் என்பதால் அசால்ட் வெஸ்ட்டோடும் போடலாம். அடி வாங்கும்போதெல்லாம் ஸ்டாமினா அபிலிட்டி தற்காப்பை ஏற்றிக்கொண்டே போகும்.

ஸ்பீடு ஈவி இல்லாவிட்டால் 105, டெயில்விண்டில் 210. ஜாலி (ஸ்பீடு கூட்டும் நேச்சர்) ஸ்னீஸ்லர் 189, அதைத் தாண்டியாயிற்று. ஆனால் முழு ஸ்பீடு டிராகபுல்ட் 213. மூன்றே புள்ளி! ஸ்பீடுக்கு 12 ஈவி (கார்போஸ் 1, இறகு 2) கொடுத்தால் 107, டெயில்விண்டில் 214. ஒரு புள்ளி வித்தியாசத்தில் டிராகபுல்ட்டுக்கு முன்னால். 12 ஈவிக்கு இதைவிட நல்ல வேலை இருப்பதாகத் தெரியவில்லை. கை தவறிக் கூடுதலாகப் போட்டால் டமாட்டோ பெர்ரி ஒன்று 10 குறைக்கும்.

முடிவு: மாடெஸ்ட் நேச்சர் (சிறப்புத் தாக்குதல் கூடும்), எச்பி 244, சிறப்புத் தாக்குதல் 252, ஸ்பீடு 12. எலெக்ட்ரோ ஷாட், ட்ராகோ மீட்டியர், ஃப்ளாஷ் கேனன், பாடி பிரஸ். ஏறிய தற்காப்பு பாடி பிரஸ்ஸில் அடியாகத் திரும்பும். 10ஆம் தேதி கணக்கில் வந்த இன்சினரோர் மீது எலெக்ட்ரோ ஷாட் 130 முதல் 153. தனியாக வீழ்த்தாது, கூட ஒரு தட்டு வேண்டும்.

டெரா (ஆட்டத்தில் ஒருமுறை டைப்பை மாற்றுவது) கிராஸ். எலெக்ட்ரிக் டெரா போட்டால் அடி கூடும், உண்மை. ஆனால் கிரவுண்ட் பலவீனம் அப்படியே இருக்கும். கிராஸில் கிரவுண்ட் பாதியாகும், அமூங்கஸின் ஸ்போரும் (தூங்கவைப்பது) ரேஜ் பவுடரும் (அடிகளைத் தன்மேல் இழுப்பது) செல்லாது.

அக்டோபர் 13

பாஸ்குலீஜன் (ஆண்), ஸ்விஃப்ட் ஸ்விம். ஸ்பீடு 252 ஈவி, அடமண்ட் நேச்சர் (தாக்குதல் கூடும், ஸ்பீடு மாறாது): 130, மழையில் 260. ஜாலி என்றால் 286. இடையில் அகப்படுபவர்கள் யார் என்று பார்த்தால் டெயில்விண்டில் ஓடும் ரில்லபூம் (274), கோல்டெங்கோ (272), அவையும் ஸ்பீடு கூட்டும் நேச்சர் இல்லாமல் 252 ஈவி போட்டிருந்தால்தான். சாய்ஸ் ஸ்கார்ஃப் (ஸ்பீடு 1.5 மடங்கு) போட்ட ஜாலி கார்சோம்ப் 253, அதை அடமண்டே தாண்டும். அடமண்ட் போதும்.

வெயில் வீனசாரோடு ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. வீணான வேலை. அதன் குளோரோஃபில் (வெயிலில் ஸ்பீடை இரட்டிக்கும் அபிலிட்டி) ஓடும்போது நமக்கு மழை இல்லை. நமக்கு மழை இருந்தால் அது சாதாரணச் செடி.

வேவ் கிராஷ் பவர் 120, கொடுத்த டேமேஜில் மூன்றில் ஒரு பங்கு நமக்கே திரும்பும். லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ் 50இல் தொடங்கி, விழுந்த ஒவ்வொரு துணைக்கும் 50 ஏறும். நான்கு பேர் ஆட்டத்தில் உச்சம் 200. அதனால் இது கடைசியில் வரவேண்டிய ஆள். ஐட்டம் அடியைக் கூட்டும் லைஃப் ஆர்ப். ஸ்பீடைப் பார்க்காமல் முந்தும் கிராஸி கிளைடும் கிங்காம்பிட்டின் சக்கர் பஞ்சும் 260ஐ மதிக்காது என்பதால் மூன்றாவது மூவ் அதேபோல் முந்தும் அக்வா ஜெட், நான்காவது அந்த டர்னின் அடிகளைத் தடுக்கும் புரொடெக்ட்.

அக்டோபர் 16

மீதி மூவர், சுருக்கமாக.

ரில்லபூம்: ஃபேக் அவுட் (இறங்கிய டர்னில் எதிரியைத் திடுக்கிடவைக்கும் அடி), கிராஸி கிளைடு. அதன் கிராஸி டெரெய்ன் எர்த்குவேக்கைப் பாதியாக்குவது ஆர்கலூடனுக்கு வரம். எதிரியிடமும் ரில்லபூம் இருந்தால் நம் டெரெய்ன் அவர்களுக்கும் உழைக்கும்; அப்போது வீட்டிலேயே இருக்கட்டும்.

ஸ்னீஸ்லர்: அன்பர்டன் (ஐட்டம் தீர்ந்ததும் ஸ்பீடை இரட்டிக்கும் அபிலிட்டி), கிராஸி சீட். டெரெய்ன் வந்ததும் சீட் தீரும், தற்காப்பு ஒரு படி ஏறும், ஸ்பீடு இரட்டிப்பு, அடமண்டிலேயே 344. ஒருமுறை வெளியே எடுத்தால் அந்த வேகம் போயிற்று, திரும்ப வராது. மழைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள் என்பதுதான் இதன் அருமை.

அமூங்கஸ்: ஸ்போர், ரேஜ் பவுடர், போலன் பஃப், புரொடெக்ட். டிரிக் ரூமுக்கு (மெதுவானவர் முந்தும் நிலை) எதிராக இதுவே பதில். 9ஆம் தேதி எழுதிய மெதுவான ஆளும் இதுதான்.

இன்சினரோர் ஏன் இல்லை? மழையில் அதன் ஃபயர் மூவ்கள் நமக்கும் பாதிதான். ஃபேக் அவுட் ரில்லபூமிடம் இருக்கிறது.

அக்டோபர் 19

லீடுகள். சாதாரண டீமுக்கு பெலிப்பர், ஆர்கலூடன். முதல் டர்னில் டெயில்விண்டும் எலெக்ட்ரோ ஷாட்டும். பெலிப்பர் 76இல் இருப்பதால் அந்த டர்னில் ஆர்கலூடன் காற்றில்லாமலே அடிக்கும். டெயில்விண்ட் 4 டர்ன், போட்ட டர்னும் சேர்த்து, பயன்படுவது 3. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியதுதான், 2 முதல் 4 வரை புரொடெக்டில் டர்னை வீணாக்கக் கூடாது.

எதிரியிடம் எர்த்குவேக்கோ ராக் ஸ்லைடோ இருந்தால் முதல் டர்ன் டெயில்விண்டை விட வைட் கார்டு மேல். ஆனால் எர்த் பவரும் க்ளோஸ் காம்பாட்டும் ஒற்றை இலக்கு மூவ்கள். வைட் கார்டு அவற்றைத் தடுக்காது. எதிரியின் டீம் ஷீட்டில் எது இருக்கிறது என்று படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். ஷீட்டில் மூவ், ஐட்டம், அபிலிட்டி, டெரா தெரியும். நேச்சரும் ஈவியும் தெரியாது. நம் 76 எதிரிக்குத் தெரியாமல் இருப்பதும் அதனால்தான்.

டார்க்கோல் டீமுக்கு ரில்லபூம், ஸ்னீஸ்லர் லீடு. பின்னால் பெலிப்பர், ஆர்கலூடன். ஆர்கலூடன் களத்தில் இருக்கும்போது டார்க்கோல் இன்னும் வெளியே காத்திருந்தால், எலெக்ட்ரோ ஷாட் அழுத்தும் முன் ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்த டர்னில் டார்க்கோல் உள்ளே வந்துவிட்டால் மூவ் சார்ஜிலேயே நின்றுவிடும். சிறப்புத் தாக்குதல் ஏறும், சரி. ஆனால் அடுத்த டர்னும் அதே மூவில் பூட்டிக் கிடக்க வேண்டும், ஸ்விட்ச் செய்யவும் வழியில்லை. அந்தச் சந்தேகம் இருக்கும் டர்னில் ட்ராகோ மீட்டியர். ட்ராகோவுக்கு வானிலை ஒரு பொருட்டல்ல, உள்ளே வரும் டார்க்கோல் அதை முழுதாக வாங்கும். அடித்தபின் சிறப்புத் தாக்குதல் இரண்டு படி இறங்கியிருக்கும். அடுத்த டர்ன் ஆர்கலூடனை வெளியே எடுத்து அந்த இடத்தில் பெலிப்பர்.